காற்றில்லாத நாளில் வரும் அலை

சித்திரை, வைகாசியில் மரக்காணம் கரையில் விடியற்காலை நின்று பாருங்கள். பனையோலை அசையாது. கடல் எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாகக் கிடக்கும். ஆனாலும் அலைகள் நீண்ட இடைவெளி விட்டு, வரிசை கலையாமல் வந்து மடங்கும். இந்த அலைகளை எழுப்பிய காற்று விழுப்புரம் மாவட்டத்தில் வீசியதல்ல. ஆறேழு நாளுக்கு முன், நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே வீசிய புயற்காற்று அது.

அலை வளர மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் வீசக் கிடைக்கும் கடலின் நீளம். தெற்கு அட்சரேகை 40 டிகிரிக்குக் கீழே இம்மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. நமக்கு வெயிலும் ஆடிக்காற்றுமாக இருக்கும் மாதங்கள் அங்கே குளிர்காலம். புயல்கள் அடுத்தடுத்து உருவாகும். அவை கிளப்பும் கலவையான அலைகளில் நீளமானவை வேகமாக ஓடி முன்னே வந்துவிடும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 15 நொடி இடைவெளி இருந்தால், ஆழ்கடலில் அவற்றுக்கிடையே தூரம் சுமார் 350 மீட்டர். அந்த அலைக்கூட்டம் ஒரு நாளில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடக்கும். வழியில் இழக்கும் ஆற்றல் மிகக் குறைவு. 1963இல் வால்டர் மங்க் என்ற கடலியலாளர், தென்கடலில் பிறந்த அலைகள் பசிபிக்கைக் குறுக்கே கடந்து அலாஸ்கா வரை செல்வதை வழிநெடுகக் கருவி வைத்து அளந்து காட்டினார். அலைச்சறுக்குக்காரர்கள் இத்தகைய அலையை ‘ஸ்வெல்’ என்கிறார்கள்.

நமக்கும் அந்தத் தென்கடலுக்கும் நடுவே இலங்கை இருக்கிறது. தீவின் தென்கிழக்கில், பொத்துவில் அருகேயுள்ள அறுகம்குடா இந்த அலைகளை நேராக வாங்கிக்கொள்கிறது. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை உலகெங்கிலுமிருந்து அங்கே சறுக்குப் பலகையோடு ஆட்கள் வந்து குவிவது அதனால்தான். அந்த மாதங்களில் தென்மேற்குக் காற்று அங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதும் தோதாக அமைந்துவிடுகிறது. தீவைத் தாண்டி வடக்கே வருவதுதான் மரக்காணத்துக்கும், புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்கும் கிடைக்கிறது. உயரம் குறைவு, ஒழுங்கு அப்படியே இருக்கும்.

ஐப்பசியில் வாடை திரும்பியதும் கடலின் குணமே மாறிவிடும். வங்கக் கடலிலேயே பிறக்கும் அலைகளுக்கு இடைவெளி ஆறேழு நொடிதான். செங்குத்தாக, ஒன்றின்மேல் ஒன்றாக, மண்ணைக் கலக்கிக்கொண்டு வரும். உயரம் இருக்கும், வடிவம் இருக்காது. 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் போன்ற புயல்கள் வருவதும் இந்தப் பருவத்தில்தான்.

ஒரே நாளுக்குள்ளும் கடலுக்கு இரண்டு முகம் உண்டு. இரவில் தரை குளிர்வதால், விடியற்காலையில் காற்று திண்டிவனம் பக்கமிருந்து கடலை நோக்கிச் செல்லும். அது எதிர்வரும் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து, மடங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பகலில் தரை சூடேறி கடற்காற்று உள்ளே வந்ததும் அதே அலை நொறுங்கி நுரையாகிவிடும். கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பத்தில் சறுக்குப் பலகைகள் காலையிலேயே கடலில் இறங்குவதற்கு இதுதான் காரணம்.

அலை எங்கே மடங்கும் என்பதைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் மணல். தண்ணீரின் ஆழம் அலையுயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு அளவுக்குக் குறையும்போது அலை கவிழ்கிறது. இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கத்தி அலைகள் அதை வடக்கே தள்ளும். வாடைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்குதான் வெல்லும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்தன. மணல் தெற்கே தேங்கியது. புதுச்சேரி நகரக் கரையும், பிறகு தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என வடக்கேயுள்ள மீனவர் ஊர்களும் அரிக்கப்பட்டன. வீடுகள் போயின, படகு ஏற்றி வைக்க இடமில்லை. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி தூண்டில் வளைவு போட்டால், அதன் வடபக்கத்து ஊருக்கு மணல் கிடைக்காமல் போகிறது. கல் வரிசையருகே மணல் தேங்கும் இடத்தில் சறுக்குவதற்கு நல்ல அலை கிடைப்பதும் உண்மைதான். ஆனால் ஒரு ஊரின் கரைக்கு அது ஈடாகாது. தடைபட்ட மணலை எடுத்து வடபுறம் சேர்ப்பதை நிற்காமல் செய்வதுதான் முறையான தீர்வு என்பது என் கருத்து.

தொலைவிலிருந்து வரும் இந்த அலைக்கு ஆபத்தான பக்கமும் உண்டு. வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கும்போது நீளலைகள் திடீரெனக் கரையேறுவதைக் கேரளக் கரையில் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கடல் கொந்தளிப்பு பற்றி ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்னதாகவே எச்சரித்திருந்தது.

ஆகவே கடலில் கால் வைக்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் கரையில் நின்று கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவே கடல் சாதுவாகத் தெரியும், அதை நம்பாதீர்கள். அலைக்கும் அலைக்கும் நடுவே நொடிகளை எண்ணுங்கள். பன்னிரண்டு, பதினான்கு என்று நீண்டு, அலையும் வலுத்து வந்தால் இறங்க வேண்டாம். ஈர மணலில் குழந்தைகளை நிறுத்தவும் வேண்டாம். தூண்டில் வளைவை ஒட்டிக் குளிக்கவே கூடாது, அங்கே நீர் உள்ளே இழுக்கும். இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கல்லிலிருந்து விலகி, கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.