வீட்டினுள் வரும் ஓநாய்ச் சிலந்தி: அதனை அறிதலும் அகற்றுதலும்

மழைக்காலத்தில் தாழ்ந்த நிலங்களில் நீர் தேங்கியவுடன், தரையில் வாழும் சிறு பிராணிகள் மேட்டை நாடி வீடுகளினுள் புகுவது இயற்கை. சென்னைக்கு வடக்கே மணலியை அடுத்த மாத்தூர், ஏரியும் வயலுமாக இருந்த கிராமம்; 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. ஏரிக்கரையையும் புல் மண்டிய மனைகளையும் ஒட்டிய அவ்வூர் வீடுகளிலும், இன்றும் நெல் சாகுபடி நடைபெறும் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து வீடுகளிலும் வரத்தக்கது, வலை கட்டாமல் தரையில் விரைந்தோடும் பழுப்பு நிறச் சிலந்தி. எட்டுக்கால் பூச்சி என்று பொதுப்பெயரிட்டு, கண்டவுடன் துடைப்பத்தால் அடித்துக் கொல்வது நம்மவர் வழக்கம். ஓநாய்ச் சிலந்தி எனப்படும் இதனை வீட்டிலிருந்து அகற்றுதல் எளிது. ஆனால் வயலிலும் இதனை அழித்துவிட்டால் நஷ்டம் நிலக்காரருக்கே.

அடையாளம்

உலகில் இக்குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திகள் ஏறக்குறைய 2,400 வகைகள் உள்ளன. இவற்றின் எட்டுக் கண்களும் மூன்று வரிசையாக அமைந்தவை. கீழ் வரிசையில் நான்கு சிறு கண்கள், அதற்கு மேல் இரண்டு பெரிய கண்கள், பின்புறம் இரண்டு. இரவில் கைவிளக்கை நெற்றிக்கு நேராகப் பிடித்து நோக்கினால், புல்லிடையே இக்கண்கள் பனித்துளிபோல் மின்னும். தாய்ச்சிலந்தி தன் முட்டைப் பையை வயிற்றின் பின்முனையில் ஒட்டி இழுத்துச் செல்லும்; குஞ்சுகள் வெளிவந்தபின் அவற்றை முதுகிற் சுமக்கும்.

சுவரில் தட்டையாக ஒட்டி நின்று கரப்பான் பூச்சிகளைத் தின்னும் பெரிய சிலந்தி வேறு. அது தன் வெண்ணிற முட்டைப் பையை மார்பின் கீழ்ப் பற்றிக்கொண்டிருக்கும். இவ்வொரு குறிப்பினாலேயே இரண்டையும் பிரித்தறியலாம்.

விஷத்தைப் பற்றிய அச்சம்

இதன் கடி சிறிது வலியும் வீக்கமும் தரும். உயிருக்கு ஆபத்து விளைவிப்பதன்று. இத்தாலியில் தாரந்தோ நகரத்து ஓநாய்ச் சிலந்தி கடித்தவர் ஓயாது நடனமாடினாலன்றிப் பிழையார் என்று முற்காலத்தில் நம்பினர். அதன் விஷம் அற்பமென்பது பின்னர் விளங்கிற்று. நம் நாட்டிலோ சொல்லே குழப்பம் விளைத்துள்ளது. தமிழில் சிலந்தி என்பது கட்டியையும் குறிக்கும். நரம்புச் சிலந்தி என்ற கொடிய நோய், குடிநீர் வழியே உடலிற் புகுந்த ஒருவகைப் புழுவினால் உண்டானது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா அதிலிருந்து விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்நோய்க்கும் இப்பிராணிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தாற் போதும். வீக்கம் பரவினாலும், சுரமோ மூச்சுத் திணறலோ கண்டாலும் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். ஒன்றை இங்கு வற்புறுத்துகிறோம்: இருளில் கடித்தது இன்னதென்று காணாதபோது, சிலந்தி என்று அசட்டையாக இருத்தல் கூடாது. கட்டுவிரியன் கடி பல சமயம் வலியின்றியும், தழும்பு தெரியாமலும் இருக்கும். அவ்வேளையில் தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

வீட்டில் செய்யத்தக்கவை

1. கதவின் அடியிலுள்ள இடைவெளியையும் சுவர் வெடிப்புகளையும் அடைத்தல்.

2. விறகு, செங்கல், வைக்கோல் ஆகியவற்றைச் சுவரை ஒட்டிக் குவிக்காதிருத்தல். வாசற்புறத்துப் புல்லைக் குறுக வெட்டுதல்.

3. வாசல் விளக்கைக் கதவுக்குச் சற்றுத் தூரத்தில் அமைத்தல். விளக்கை நாடிப் பூச்சிகளும், பூச்சிகளை நாடிச் சிலந்திகளும் வரும்.

4. உள்ளே வந்ததை ஒரு தம்ளரால் மூடி, அடியில் கெட்டிக் காகிதத்தைச் செருகி எடுத்து, வெளியே வரப்பிலோ புல்லிலோ விடுதல். குஞ்சு சுமந்த தாயை அடித்தால் குஞ்சுகள் சிதறி வீடெங்கும் ஓடும்.

பழைய பி.எச்.சி. தூள் எவரிடமேனும் எஞ்சியிருப்பின் அதனைத் தூவலாகாது. 1997 முதல் இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டுள்ளது.

வயலில் இதன் உதவி

வீட்டிற்கு வருவன யாவும் வயற்சிலந்தி இனமே என்று கூற இயலாது. ஆயினும் ஒரே குடும்பத்தன. நெல்வயலில் மிகுதியாக வாழ்வது பர்டோசா சூடோஅன்னுலேட்டா என்னும் இனம். அதன் முதுகில் கவர்க்கோல் போன்ற குறி உண்டு. நாற்று நட்டவுடனேயே வயலில் குடியேறி, தூர்களின் அடியில் ஓடித் திரிந்து, நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் அதற்கு முக்கிய இரை. பெண் மூன்று நான்கு மாதங்கள் வாழ்ந்து 200 முதல் 400 முட்டைகள் இடும்.

1973-74-ல் கேரளத்துக் குட்டநாட்டில் புகையான் பெருகி விளைந்த சேதத்தைப் பலர் அறிவர். அகாலத்தில் மருந்து தெளித்தால் முதலில் மாய்வது சிலந்தி. புகையானோ தூரினுள் இட்ட முட்டைகளிலிருந்து மீண்டும் தோன்றி, தன்னைத் தின்பாரின்றிப் பன்மடங்காகும். இவ்வுண்மையை உணர்ந்தே இந்தோனேசிய அரசாங்கம் 1986-ல் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெற்பயிருக்கு உபயோகிக்கலாகாதென்று தடுத்தது.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த கணக்கும் இதற்கு இயைந்ததே. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் காணும்போது மருந்தை யோசிக்கலாம். குத்துக்கு 1 சிலந்தி இருப்பின், தூருக்கு 2 புகையான் வரும்வரை பொறுக்கலாம். புகையான் கண்ட வயலில் நீரை வடித்தலும், நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஒரு முறை ஓரடி இடைவெளி விடுதலும் நற்பயன் தரும். செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளும் குயினால்பாஸும் புகையானை மேலும் பெருகச் செய்வனவாகையால், அவற்றை அறவே விலக்குக.

ஆதலால் நிலக்காரர்கள் தெளிப்பானைத் தோளிலேற்றுமுன், காலைவேளையில் வயலில் இறங்கி, பல இடங்களில் குத்துகளை விலக்கிப் புகையானையும் சிலந்தியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிராம அதிகாரிகளும் இக்கணக்கைத் தங்கள் ஊர்க் கூட்டங்களில் எடுத்துரைப்பார்களாயின், மருந்துச் செலவு குறையும், பயிரும் பிழைக்கும்.