காருக்கு வந்த காய்ச்சல்

மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் குன்னூர் மலைப் பாதையில் ஏறினால் போதும், பெரியம்மாவின் பழைய மோரிஸ் மைனருக்குக் காய்ச்சல் வந்துவிடும்! பர்லியாறு போய்ச் சேருவதற்குள் முன்புறமிருந்து 'புஸ்'ஸென்று ஆவி கிளம்பும். ரேடியேட்டருக்குத் தினம் ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும். ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்துவதில்லை. பின் எங்கேதான் போகிறது?

"பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுங்கள்" என்றார் ஒருவர். பெரியப்பா ஆசையாக வாங்கிய கார் அது. அவர் காலமான பின் கோவை வீட்டில் அவர் நினைவாக நின்றது அது ஒன்றுதான். பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது.

கடைசியில் சிங்காநல்லூரிலிருந்து ஒரு வயதான மேஸ்திரி வந்தார். சூடாக இருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறக்கப் போனேன். "ஏனுங் கண்ணு, கையை எடுங்க! மூஞ்சி வெந்து போகும்!" என்று அலறினார். ஆவி அடங்காத குக்கரைத் திறப்பது போன்ற ஆபத்து அது. நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும்.

குக்கர் மூடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டல்லவா? அது தளர்ந்தால் ஓரத்தில் ஆவி போய்விடும். இஞ்சினிலும் அப்படித்தான். கீழே ஸிலிண்டர்கள், மேலே 'ஹெட்' என்னும் மூடி, நடுவே காஸ்கட் என்ற தகடு. தீயும் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதுதான். அது கருகினால் இஞ்சின் தண்ணீரைக் குடிக்கும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட்டே வளைந்துவிடும்.

மேஸ்திரி ஸ்பானரை எடுக்கவில்லை. வைத்தியர் நாடி பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

முதலில் எண்ணெய். அது பால் விட்ட காப்பி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் கலக்கவில்லை. "மூடியில மட்டும் வெள்ளையா இருந்தாப் பயப்படாதீங்க அம்மிணி. கிட்டக் கிட்டவே ஓட்டுற வண்டியில அப்படி வரும்" என்றார்.

அடுத்தது புகை. காலைக் குளிரில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது சகஜம். இஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மறுநாள் காலை, இஞ்சின் குளிர்ந்திருக்கையில் ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடாமலே விட்டார். விசிறிப் பெல்ட்டைக் கழற்றினார். தண்ணீர்ப் பம்பு காற்றை இழுத்தாலும் குமிழி வரும். பம்பு ஓடாவிட்டால் அந்தச் சந்தேகம் இல்லை. ஒரே நிமிஷம் ஓட்டினார். சோடாவைப் போலக் குமிழிகள் கொப்பளித்தன! அடுப்புப் புகை தண்ணீருக்குள் புகுந்திருந்தது.

பிறகு அழுத்தமானியை வைத்தார். ஓரத்து ஸிலிண்டர்கள் இரண்டிலும் 120 பவுண்டு. நடுவிலிருந்த இரண்டிலும் 60-தான். அவற்றில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை. ஆகவே ரிங் தேயவில்லை. பக்கத்துப் பக்கத்து ஸிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் இளைத்ததால் காஸ்கட்டின் மீதே சந்தேகம் விழுந்தது.

அதன் பிறகுதான் ஹெட்டைக் கழற்றினார். இரண்டு ஸிலிண்டர்களுக்கும் நடுவே, நீர் வழி வரை, காஸ்கட் கருகிக் கிடந்தது!

பிரித்துப் பார்க்கும் ஆசை கோவை மண்ணிலேயே இருக்கிறது. ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதைப் பிரித்துப் பூட்டியே தொழிலைக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பாதையில் ஒரே பஸ்ஸுடன் சொந்தத் தொழில் ஆரம்பித்தார். இன்றும் அவிநாசி ரோட்டிலுள்ள ஜீடி கார் மியூசியத்தில் பழைய கார்களைக் கண்குளிரப் பார்க்கலாம். ஆனால் பிரிப்பது பெரிதல்ல. எதற்குப் பிரிக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

பழைய காஸ்கட்டில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் வருஷங்கள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். அதனால் மேஸ்திரி அதை நனைத்தே எடுத்தார், ஊதவிடவில்லை. எஃகுக் கோலை வைத்து ஹெட் வளையவில்லை என்று பார்த்தார். கல்நார் இல்லாத புதுக் காஸ்கட்டைப் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, வரிசை தவறாமல், பல சுற்றாக இறுக்கினார்.

போன மாதம் பெரியம்மாவுடன் ஊட்டிக்குப் போனோம். பர்லியாற்றில் காரை நிறுத்தச் சொன்னாள்.

"ஏன், தண்ணீர் ஊற்றவா?" என்றேன்.

"அதுக்கு வேண்டாம், எனக்குத்தான் ஒரு காப்பி வேண்டும்!" என்று சிரித்தாள்.