சைக்கிள் லைற்றின் ஒளி எங்கே விழுகிறது?

இரவில் வயற்காவலுக்குப் போகிறவர்கள் லைற் வாங்கும்போது "எவ்வளவு வெளிச்சம்?" என்றே கேட்கிறார்கள். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதையும் பார்க்கும்படி நாம் சொல்கிறோம்.

ரோச் லைற்றைச் சைக்கிளில் கட்டினால் ஒளி வட்டமாகப் பரவும். மேற்பாதி மரக்கிளைக்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கும் போய்விடும். பற்றறிதான் வீணாகத் தீரும். ஜேர்மனியில் வீதிச் சட்டத்துக்கு ஏற்பச் செய்யப்படும் லைற்றுகளில் ஒளியின் மேல்விளிம்பு வெட்டிவிட்டதுபோல இருக்கும். உள்ளேயுள்ள தெறிப்புக் கண்ணாடி, மேலே போகவேண்டிய ஒளியையும் வீதிக்கே திருப்பிவிடுகிறது. முன்சில்லுக்குக் கிட்டக் குறைவாகவும் தூரத்துக்குக் கூடுதலாகவும் ஒளியை அனுப்புவதால் பாதை ஒரே சீராகத் தெரியும். கிட்டவுள்ள நிலம் மிதமிஞ்சிப் பளிச்சிட்டால் கண் அதற்கே பழகிவிடும். அப்பாலுள்ள கிடங்கு தெரியாது.

அதற்காக ரோச்சை எறிந்துவிட வேண்டாம். காட்டுப் பாதையில் தாழ்ந்த கிளையைக் காட்டுவது அதுதான். ஆனால் சற்றுக் குனியக் கட்டுங்கள். சைக்கிளை ஒரு சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். லைற் 80 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், ஒளியின் நடு சுவரில் 40 சென்ரிமீற்றர் உயரத்தில் விழவேண்டும். வீதியில் அது 10 மீற்றர் தூரத்தில் நிலத்தைத் தொடும். குன்றும் குழியுமான வீதியில் ஓடியபின் கட்டு இளகியிருக்கும். மறுபடி அளந்து பாருங்கள்.