லொறிக் கூண்டின் தகடு ஆடுகிறதா? ரிவெட் அடிக்குமுன் காரணத்தைத் தேடுங்கள்

சரக்கு விநியோகத்தில் ஈடுபட்டுள்ள எமது வர்த்தக சகோதரர்கள் பலரிடம் இருப்பது பழைய லொறிகளே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டாலும், வரிகளோடு சேர்த்துப் பார்க்கையில் புதிய லொறி சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவே இருப்பதைப் பேணிக்கொள்வதுதான் வழி. எஞ்சினுக்கும் டயருக்கும் கணக்குப் பாராமல் செலவு செய்பவர்கள்கூட, கூண்டின் அலுமினியத் தகடு கழன்று ஆடும்போது "இரண்டு ரிவெட் அடித்தால் சரி" என்று விட்டுவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

ஆடும் தகட்டால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, மழைநீர் உள்ளே இறங்கிச் சீனி, மா, புடைவை போன்றவற்றைப் பழுதாக்குவது. மற்றையது, வேகமாகச் செல்லும்போது தகடு பிய்ந்து பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் மீது விழுவது. முதலாவது பண நட்டம். இரண்டாவது உயிர் நட்டம்.

தகடு ஏன் கழல்கிறது? அலுமினியம் வெயிலில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 14 அடி நீளக் கூண்டில் வெப்பம் 30 பாகை செல்சியஸ் கூடினால் தகடு சுமார் 3 மி.மீ. நீளும்; அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் அதில் பாதியளவே நீளும். இந்த இழுபறி தினமும் நடக்கிறது. பாதையின் குலுக்கலும் சேர, ரிவெட் துளை வட்டம் மாறி முட்டை வடிவமாகிறது. ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கசிவுக் கோடு தெரிந்தால் அது வெறும் அழுக்கல்ல. ரிவெட் ஆடி உராய்வதால் வரும் உலோகத் தூள் அது.

அடுத்தது துரு. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் அரிபடுவது அலுமினியமே. காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் வெள்ளைத் தூள் திரண்டு தகட்டை வெளியே தள்ளும். அந்த நிலையில் மேலால் எத்தனை ரிவெட் அடித்தாலும் நிற்காது.

ஆகவே முதல் வேலை சோதனை. பகல் வெளிச்சத்தில் ஒருவர் கூண்டுக்குள் நிற்க, மற்றவர் வெளியே இருந்து கதவைச் சாத்தட்டும். வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடங்களைச் சோக்கால் குறியுங்கள். பின்னர் குழாயால் கீழிருந்து மேலாக, பகுதி பகுதியாகத் தண்ணீர் அடித்தால் ஒழுக்கு எங்கே தொடங்குகிறது என்பது புலப்படும். பக்கத் தகட்டில் தெரியும் ஈரம் பெரும்பாலும் கூரை மூட்டிலிருந்து இறங்கியதாகவே இருக்கும். எனவே கூரையை முதலில் திருத்தி, பக்கங்களுக்குப் பிறகு வாருங்கள். உட்புறப் பலகையையும் மரச் சட்டத்தையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை இலகுவாக இறங்கினால் மரம் உக்கிவிட்டது. அதை மாற்றாமல் தகட்டைத் தொடுவது வீண்செலவு.

திருத்தும்போது பழைய ரிவெட்டின் தலையை டிரில் போட்டு எடுக்க வேண்டும். உளியால் வெட்டினால் தகடு கிழியும். துளை பெருத்திருந்தால் அடுத்த அளவு ரிவெட்டைப் போடுங்கள். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. துளை போதும். ரிவெட்டின் நீளத்தை, பெட்டியில் குறித்துள்ள பிடிப்பு அளவைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட்டின் விட்டத்தைப்போல் இரு மடங்காவது உள்ளே தள்ளித் துளையிடுங்கள். பழைய துளைகளுக்கு இடையிடையே புதிது புதிதாகத் துளைத்துக்கொண்டே போனால், முத்திரைத் தாளின் ஓரம்போலத் தகடு அந்தக் கோட்டிலேயே கிழியும்.

இரும்புச் சட்டத்தைச் சுரண்டித் துருவெதிர்ப்புப் பூச்சு பூசி, தகடு படும் இடத்தில் பியூட்டைல் டேப் ஒட்டினால் இரு உலோகங்களும் தொடாது. சட்டத்தில் வெல்டிங் வேலை இருந்தால் முதலில் பட்டறி இணைப்பைக் கழற்றுங்கள்; உட்புறப் பலகை தீப்பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுகளை அடைக்கச் சாதாரண சிலிக்கனை நான் விரும்புவதில்லை. அதன்மேல் பெயின்ட் பிடிக்காது; பின்னொரு நாள் வேறு பசையும் ஒட்டாது; வினாகிரி மணம் வீசும் வகை உலோகத்தையும் அரிக்கும். வாகனங்களுக்கான பொலியூரிதேன் பசையே ஏற்றது. பழைய பசையை முற்றாக நீக்கித் துடைத்த பின்பே அதை இட வேண்டும். குறைந்தது 24 மணித்தியாலமாவது காயவிட வேண்டும். கூண்டின் அடியில் நீர் வடிவதற்காக உள்ள துளைகளை மாத்திரம் அடைத்துவிடாதீர்கள்.

கராஜில் லொறியை ஒப்படைக்குமுன் எந்தத் தகடு, எந்தச் சட்டம், எந்தப் பசை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகட்டைக் கழற்றியதும், மூடுவதற்கு முன் நேரில் சென்று சட்டத்தைப் பாருங்கள். மூடிய பின் எல்லா வேலையும் நல்ல வேலையாகவே தெரியும். சோதனைக்கும் காலம் உண்டு. மேற்கிலும் மலையகத்திலும் உள்ளோர் மே மாதத்துக்கு முன்னும், கிழக்கில் உள்ளோர் ஒக்டோபருக்கு முன்னும் செய்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டதும், நனைந்ததை மேலே வைக்காதது ஏன் என்று வியாபாரியிடம் கேட்டதும் நாமெல்லோரும் அறிந்த ஹதீஸ். கூண்டு ஒழுகி நனைந்த மூட்டையை நடுவில் அடுக்கிக் கடைக்காரரிடம் இறக்குவது அதே செயல்தான். உக்கிய சட்டத்தின்மேல் புதுத் தகடு அடித்து, பளபளக்கப் பெயின்ட் பூசி, குறையைச் சொல்லாமல் லொறியை விற்பதும் அதே செயல்தான். வாங்குபவரும் ஒரு வரிசையில் மாத்திரம் புது ரிவெட்டும் புதுப் பசையும் தெரிந்தால் காரணம் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஒரு நாள் லொறியை நிறுத்திச் செய்யும் வேலைக்கு அந்த நாளின் வருமானம் போகும். அதைத் தவிர்த்தால் போவது ஒரு லோட் சரக்கும், பல வருடங்களாகத் தேடிய நம்பிக்கையும். எது மலிவு என்பதைக் கணக்குத் தெரிந்த வியாபாரிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.