மழை பெய்தால் மக்கர் செய்யும் கார்!

ஐப்பசி மாதம். விடியற்காலை 4 மணி. பந்தல்குடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் கல்யாணம். பெண்களும் பிள்ளைகளும் புதுத்துணி உடுத்தித் தயாராக நிற்கிறார்கள். வாசலில் பழைய அம்பாசிடர் கார். இரவு முழுவதும் மழை.

வீட்டுக்காரர் சாவியைத் திருப்புகிறார். கார் முனகுகிறது. கிளம்பவில்லை. மறுபடி திருப்புகிறார். கிளம்புகிறது. ஆனால் திக்குகிறது, குலுங்குகிறது, தெருமுனையில் நின்று விடுகிறது.

"நேற்று சாயந்திரம் நன்றாகத்தானே ஓடியது!"

ஆமாம், ஓடியது. நாளை வெயில் அடித்தாலும் ஓடும். "சரியாகி விட்டது" என்று பலர் விட்டு விடுவது அதனால்தான். அடுத்த மழையில் அதே கார் தூத்துக்குடி நாற்கரச் சாலையில், லாரிகளுக்கு நடுவே நின்று போனால் என்ன ஆகும்?

தீப்பொறி எங்கே?

அம்பாசிடர் 1957 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரானது. அதன் பழைய பெட்ரோல் என்ஜினுக்கு 4 பிளக்குகள். ஒவ்வொன்றிலும் தீப்பொறி பறந்தால்தான் பெட்ரோல் எரியும், கார் ஓடும்.

பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். அது போதாது. 'காயில்' என்ற கருவி அதை 15,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. 'டிஸ்டிரிபியூட்டர்' அந்த மின்சாரத்தை வாங்கி, தபால்காரர் மாதிரி, 4 பிளக்குகளுக்கும் முறைப்படி கொடுக்கிறது.

இத்தனை வோல்ட் மின்சாரம் சும்மா இருக்காது. சுலபமான வழி தேடும். டிஸ்டிரிபியூட்டர் மூடியில் ஈரம் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு என்ஜின் இரும்பில் இறங்கி விடும். பிளக்குக்குத் தீப்பொறி போய்ச் சேராது.

மழை மட்டும் குற்றவாளி அல்ல!

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மழைத் தண்ணீர் மட்டும் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. தூசியும் உப்பும் அதில் கரைந்தால்தான் நன்றாகக் கடத்தும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மற்ற மாதங்களில் வெயிலும் புழுதியும். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் இருக்கிறது. மாதக்கணக்கில் புழுதி மூடியின் மேல் படிகிறது. என்ஜின் சூட்டில் ஒயரின் ரப்பர் வெடிக்கிறது. கார் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. சித்திரையில் பிடித்த நோய், ஐப்பசியில் வெளியே தெரிகிறது!

இருட்டில் தெரியும்

கார்புரேட்டரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பெட்ரோல் பம்பை மாற்றிப் பணத்தை விடாதீர்கள். முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

இரவில், திறந்த இடத்தில், வெளிச்சம் இல்லாமல் காரை நிறுத்துங்கள். கியரை எடுத்து விட்டு, கை பிரேக் போட்டு, என்ஜினை ஓட விடுங்கள். பானெட்டைத் திறந்து, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியால் பிளக் ஒயர்கள் மேல் பனி போலத் தெளியுங்கள். பிறகு காயில் மேல். கடைசியாக டிஸ்டிரிபியூட்டர் மூடி மேல்.

எங்கே தெளித்ததும் என்ஜின் திக்குகிறதோ, அங்கேதான் கோளாறு. நீலப் பொறி ஊர்ந்து ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையால் மட்டும் தொடாதீர்கள். தூக்கிப் போட்டு விடும். பிள்ளைகளை அருகே விட வேண்டாம்.

பிறகு என்ஜினை நிறுத்தி மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பென்சிலால் கிழித்தது போல் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா? மின்சாரம் திருட்டு வழியில் போன தடம் அது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயன் இல்லை. மூடியையே மாற்ற வேண்டும். ஒயரில் வெடிப்பு இருந்தால் எல்லா ஒயர்களையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒன்று வெடித்தால் மற்றதும் அதே வயதுதானே!

வழியில் நின்று விட்டால்? காரை ஓரம் கட்டி, எல்லோரையும் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சாவியை அணைத்து விட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, உடனே அதே இடத்தில் மாட்டுங்கள். மூடியின் உள்ளேயும் துடையுங்கள். உலர்ந்த துண்டு போதும். ஒயர் இடம் மாறினால் நன்றாக இருந்த காரும் ஓடாது.

துடைத்தும் சரியாகவில்லை என்றால், பெட்ரோலில் தண்ணீர் இருக்கலாம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். டீசல் காருக்கோ தீப்பொறியே கிடையாது. அதன் கதை வேறு.

கையுறை வைத்தியம்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் அல்ல. அம்பாசிடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனி, 1959-ல் 'மினி' என்ற சிறிய காரை வெளியிட்டது. அதில் டிஸ்டிரிபியூட்டர் முன்பக்கம், காற்று நுழையும் கம்பி வலைக்குப் பின்னால் இருந்தது. அந்த ஆண்டு அங்கே வறண்ட கோடை. மழை பிடித்ததும்தான் வண்டிகள் வழியில் நிற்க ஆரம்பித்தன.

மினிக்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம் வேடிக்கையானது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, டிஸ்டிரிபியூட்டர் மூடி மேல் மாட்டினார்கள். நான்கு விரலில் நான்கு பிளக் ஒயர். கட்டை விரலில் காயில் ஒயர். கணக்குச் சரியாக இருந்தது!