கண்ணைப் பறிக்கும் பவளப் படங்கள்: வீட்டுத் தொட்டியில் இந்த நிறம் எப்படி வருது? படத்தில் பார்ப்பது நிஜமா?

ஆரஞ்சு நிற நடுப்பகுதி, பச்சை விளிம்பு, இடையிடையே ஊதாப் புள்ளிகள். இன்ஸ்டாகிராமில் சுற்றும் சில பவளப் படங்களைப் பார்த்தால், ஏதோ ஏஐ வரைந்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவற்றில் பல, அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ யாரோ ஒருவர் வீட்டு ஹாலில், கண்ணாடித் தொட்டிக்குள் வளரும் உயிருள்ள பவளங்கள். அரிய நிறமுள்ள பவளம் என்றால், விரல் நகம் அளவுத் துண்டுகூட நூற்றுக்கணக்கான டாலருக்கு விலை போகிறது. படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டவர், பார்சலைப் பிரித்ததும் மங்கலான பழுப்புத் துண்டைப் பார்த்து, 'ஏமாந்துட்டோமா?' என்று முழிப்பதும் நடக்கிறது.

சில நேரம் அது ஏமாற்று வேலைதான். பல நேரம் அப்படி இல்லை. ஏன் என்று புரிய, அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பவளம் கல்லா, செடியா?

இரண்டும் இல்லை, விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிரிகள் கூட்டமாகச் சேர்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டே போகின்றன. மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளமும் இந்த இனத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் அது மத்தியதரைக் கடல் பகுதியில் வளர்வது. இந்தத் தொட்டிகளில் வளர்ப்பது வேறு.

பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்து அவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. இந்தப் பாசியின் நிறம் பழுப்பு. அதனால் நன்றாகச் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருக்கும் பல பவளங்கள் சாதாரண வெளிச்சத்தில் பழுப்பாகத்தான் தெரியும்.

அப்போ அந்தப் பச்சையும் ஆரஞ்சும்?

அவை பவளம் தானே தயாரிக்கும் ஒளிரும் புரதங்களின் வேலை. நீல ஒளியை உறிஞ்சி, அதைப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி வெளிவிடும் புரதங்கள் இவை. இந்தக் குடும்பத்தில் முதலில் தெரிய வந்த பச்சைப் புரதம் ஜெல்லி மீனில் கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கும் அதை வளர்த்தெடுத்ததற்கும் ஒசாமு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகிய மூவருக்கு 2008-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சிவப்பு நிறத்துக்கு விஞ்ஞானிகள் பவளத்தைத்தான் நாட வேண்டியிருந்தது. 1999-ல் ரஷ்ய ஆய்வாளர்கள் வெளியிட்ட சிவப்பு ஒளிரும் புரதம், டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்தில் இருந்து எடுக்கப்பட்டது. கடல் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ஆரம்பத்தில் வாங்கும் எளிய பவளம் இது! இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில், உயிருள்ள செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க இந்தப் புரதத்தின் வாரிசுகள் பயன்படுகின்றன.

இதனால்தான் வீட்டுத் தொட்டிகளில் நீல நிற எல்இடி விளக்குகள். சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, பாசிக்கும் சாப்பாடு. புரதங்களையும் ஒளிர வைக்கும். கடலில் கொஞ்சம் ஆழம் போனாலே சிவப்பு ஒளி வடிகட்டப்பட்டு நீலம்தான் மிஞ்சும் என்பதால், பவளத்துக்கு இது பழகிய வெளிச்சமும்கூட. அதே துண்டை வெள்ளை டியூப்லைட்டில் பார்த்தால் பாதி நிறம் காணாமல் போகும். பார்சலைப் பிரித்தவர் பார்த்தது அதைத்தான். போதாக்குறைக்கு, இருட்டுப் பெட்டியில் பயணம் செய்து வந்த பவளம் சுருங்கியும் இருக்கும். தொட்டியில் இறங்கிப் பழக அதற்குச் சில நாட்கள் தேவை.

அதிக நிறம்னா அதிக ஆரோக்கியமா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தண்ணீர் சூடானாலோ, சத்துக் குறைந்தாலோ பவளம் தன் பாசியை இழக்கும். பழுப்பு போனதும் உள்ளே இருக்கும் வெள்ளைக் கூடு தெரியத் தொடங்கும். இதுதான் வெளிறல். ஆனால் சில பவளங்கள் வெளுப்பதற்குப் பதிலாக இளஞ்சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று பளபளக்கும். பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதற்கு விளக்கம் தந்தார்கள். பாசி குறைந்ததும் வெள்ளைக் கூட்டில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் சதைக்குள் அதிகமாகிறது. அதைச் சமாளிக்கப் பவளம் நிறப் புரதங்களைக் கூடுதலாகச் சுரந்து குடை போலப் பிடித்துக்கொள்கிறது. அந்த நிழலில் பாசி மீண்டும் குடியேற வாய்ப்பு கிடைக்கிறது. பாதிப்பு லேசாக இருந்தால்தான் இது நடக்கும்.

அதாவது, 'வாவ்' என்று லைக் வாங்கும் வெளிர் நிறப் பவளம், உண்மையில் பசியோடு போராடிக்கொண்டு இருக்கலாம். தண்ணீரில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோய் வெளிர் நிறத்தை வரவழைப்பவர்கள் உண்டு. கயிற்றின் மேல் நடப்பது மாதிரிதான். ஒரு வாரம் கவனம் தப்பினால் சதை உரிந்து வெறும் கூடுதான் மிஞ்சும்.

வளர்க்க என்ன தேவை?

விளக்குக்குச் செலவு செய்பவர்கள் அதிகம், தண்ணீரைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் விஷயமே தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் ஆகாது. ஆர்ஓ முறையில் சுத்தம் செய்து, மிச்ச உப்புகளையும் நீக்கிய தண்ணீரில் கடல் உப்பைக் கலக்க வேண்டும். உப்பின் அளவு லிட்டருக்கு 35 கிராம் அருகே. வெப்பநிலை 25, 26 டிகிரி செல்சியஸ். சென்னை மாதிரி ஊரில் குளிர்விக்கும் கருவி இல்லாமல் இது நடக்காது. கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் காரத்தன்மை. பவளம் கூடு கட்ட இதைத் தினமும் தண்ணீரில் இருந்து எடுத்துக்கொள்ளும். வளர்ப்பவர்கள் இதை டிகேஹெச் என்ற அலகில் அளப்பார்கள். 7 முதல் 11 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் இன்று 7, நாளை 10 என்று ஆடக் கூடாது. கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா வகையில், இந்த ஆட்டத்தால் கிளை நுனி கருகிப்போவது வழக்கம்.

இதைச் சமன்செய்ய ஒரு பழைய வழி, நம்ம ஊர் சுண்ணாம்புத் தெளிநீர். ஜெர்மன் மொழியில் 'கால்க்வாஸர்' என்கிறார்கள். கடுமையான காரம் என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பாக்கினார்கள். இங்கே பவளத்தை வளர்க்கச் சுண்ணாம்பு!

ஒரு எச்சரிக்கை. 'ஸோவாந்திட்', 'பாலிதோவா' என்ற பெயர்களில் விற்கப்படும் பூப் போன்ற உயிரிகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. இவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யப்போய், ஆவியைச் சுவாசித்து வீட்டில் உள்ளவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்டவே கூடாது.

போனில் எடுத்தால் ஏன் எல்லாம் நீலமா வருது?

கேமரா மேல் பழி போட முடியாது. நீல ஒளி மட்டும் கொட்டும் இடத்தில், சென்சாரின் நீலப் பகுதி நிரம்பி வழிந்துவிடும். பச்சைக்கும் சிவப்புக்கும் தகவலே மிஞ்சாது. கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்ய முயன்றாலும், இவ்வளவு நீலத்துக்கு அதன் அளவுகோல் எட்டாது. கண் பார்க்கும் பச்சை, படத்தில் நீலக் கறையாகிவிடும்.

தீர்வு சுலபம்: லென்ஸ் முன்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர். நீலத்தை வெட்டி, பவளம் வெளிவிடும் ஒளியை மட்டும் உள்ளே விடும். போனில் மாட்டும் கிளிப் ஃபில்டர்களே போதும். 'ரா' வடிவில் எடுத்தால் பிறகு நிறத்தைத் திருத்த இடம் இருக்கும்.

மற்றதெல்லாம் பொறுமை. கண்ணாடியின் பாசியைத் துடைத்து, அலை உண்டாக்கும் பம்பை நிறுத்தி, அறை விளக்கை அணைக்க வேண்டும். லென்ஸைக் கண்ணாடிக்கு நேர் எதிராக வைக்க வேண்டும்; சாய்த்தால் தடித்த கண்ணாடி ஒளியை வளைத்துப் படத்தை மங்கலாக்கும். மேலிருந்து எடுப்பவர்கள், அடியில் கண்ணாடி பதித்த சிறு பெட்டியைத் தண்ணீர் மேல் வைத்து அதன் வழியே எடுக்கிறார்கள்.

படம் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க, பவளத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் பாருங்கள். மணல், துண்டு ஒட்டியிருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை, ஓரத்தில் நீந்தும் மீன் என நமக்கு நிறம் தெரிந்த பொருள்கூட நியான் மாதிரி மின்னினால், யாரோ எடிட்டிங்கில் நிறத்தை ஏற்றியிருக்கிறார்கள். நேர்மையான விற்பனையாளர், கேட்டால் வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் அனுப்புவார்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

அவசரப்பட வேண்டாம். கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குக் கொடுக்கும் அதே பாதுகாப்பு. கடலில் இருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கடற்கரையில் பொறுக்கிய காய்ந்த துண்டுக்கும் விலக்கு இல்லை. கடினப் பவளங்களின் சர்வதேச வர்த்தகத்துக்கும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி ஏற்றுமதி அனுமதி வேண்டும். காகிதம் எதுவும் இல்லாமல் 'இம்போர்ட்டட்' என்று கடைக்காரர் சொன்னால், அதை நம்பி வாங்குவது ஆபத்து.

துண்டு வெட்டி, ஒட்டி, வளர்க்கும் அதே வேலை மன்னார் வளைகுடாவில் கடலுக்குள்ளேயே நடக்கிறது. 2010-லும் 2016-லும் வெளிறலால் இங்கு ஏராளமான பவளம் செத்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சேகரித்து, சட்டங்களில் கட்டிக் கடலடியில் இறக்குகிறார்கள். அதிலும் வேகமாக வளர்ந்து முதலில் இடம் பிடிப்பது, வீட்டுத் தொட்டிக்காரர்களைப் பாடாய்ப் படுத்தும் அதே அக்ரோபோராதான்.