'குடும்பக் கட்டுப்பாடு': ஒரு தொகைச்சொல்லும் கான்ட்டின் அறநெறியும்

இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை வட்டத்திலுள்ள சாந்தன்பாறை, தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் ஏலத்தோட்டப் பகுதியாகும். மகப்பேற்றை வரையறுக்கும் அரசுத் திட்டத்தை மலையாளம் 'குடும்பாசூத்ரணம்' என்கிறது. தமிழ் 'குடும்பக் கட்டுப்பாடு' என்கிறது. முன்னது திட்டமிடலையும் பின்னது கட்டுப்படுத்தலையும் சுட்டும். இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று.

தமிழ்ச்சொல் ஒரு வேற்றுமைத்தொகை. 'குடும்பத்தைக் கட்டுப்படுத்துதல்' என இரண்டாம் வேற்றுமையில் விரித்தால், குடும்பம் செயப்படுபொருள்; கட்டுப்படுத்துவோர் பிறர். ஊரால் விதிக்கப்படுவது ஊர்க்கட்டுப்பாடு. அதுபோலக் 'குடும்பத்தால் மேற்கொள்ளப்படும் கட்டுப்பாடு' என மூன்றாம் வேற்றுமையில் விரித்தால், குடும்பமே வினைமுதல்.

இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூல் எழுப்பும் வினாவும் வினைமுதல் பற்றியதே. தனக்குரிய விதியைத் தானே வகுத்துக்கொள்ளுதல் தன்னாட்சி என்பார் அவர். மனிதரைக் கருவியாக மட்டும் கொள்ளாது நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என்பது அவர்தம் கருத்து. இதனை மொழிபெயர்ப்போர் 'மட்டும்' என்பதை விடுவாராயின் பொருள் பிறழும். ஒருவர் மற்றவர்க்குப் பயன்படுதல் குற்றமன்று. அவரது இசைவைப் புறக்கணித்துப் பயன்படுத்துதலே குற்றம்.

1971 சூலையில் எறணாகுளம் முகாமில் 63,000க்கும் மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வந்தோர்க்குப் பணமும் பொருளும் வழங்கப்பட்டன. அதே ஆண்டில் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில், கருவுறாத ஒவ்வொரு மாதத்திற்கும் பெண் தொழிலாளரின் கணக்கில் 5 ரூபாய் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. தோட்ட நிருவாகத்தின் நலச் செலவு குறையும் என்பதும் அதன் கணக்கு. பணம் தரப்பட்டது என்பதாலேயே இவை கான்ட்டின் நெறிக்கு மாறாகிவிடா. விளைவை அறிந்து இசைந்தனரா, மறுக்கும் வழி மெய்யாகவே இருந்ததா என்பனவே உரைகல். அறுவை எளிதில் மீட்கவியலாதது. வறியவர் உடனடித் தொகையை மறுத்தல் அரிது. ஆதலின் முகாமின்மீதே இவ்வினா மிகுதியாக அழுத்துகிறது.

1797இல் வெளிவந்த நூலில், பாடகராய்ப் பிழைப்பதற்காக விதையடித்துக்கொள்வதைக் கான்ட் கண்டித்தார். அவ்விடத்தில் 'கருத்தடை' என்று பெயர்ப்பது தவறு. இரண்டும் வெவ்வேறு செயல்கள்.

நடுவணரசு 1977இல் துறையின் பெயரைக் 'குடும்ப நலம்' என மாற்றியது. அப்பெயரிலும் வினைமுதல் வெளிப்படவில்லை. இசைவுப் படிவங்களைத் தமிழாக்குவோர் தொகையை விரித்தே எழுதுதல் வேண்டும். 'கருத்தடை செய்யப்படும்' என்பதில் செய்பவரும் தெரியார், விரும்பியவரும் தெரியார். 'கருத்தடை செய்துகொள்கிறேன்' என்பதில் 'கொள்' என்னும் துணைவினை, முடிவு தன்னுடையது என்பதைக் காட்டிவிடுகிறது.